மிளகாய்த்தூளும் உன் சட்டையில் குத்திய பேட்ஜும்

விவேக் நகர், பெங்களூர்
14.8.2003, வியாழன்

அன்புள்ள மகன் க்ளென்னுக்கு டாடி எழுதுவது. குழந்தை இயேசு புண்ணியத்தில் இங்கே மம்மியும் உன் தங்கச்சி நிக்கோலும் முழுச் சுகம், நான் முக்கால் சுகம். மீதிக் கால் எங்கே போனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் கேட்டால் நீ ஒண்ணுமில்ல டாடி, சாப்டீங்களா என்று பேச்சை மாற்றிவிடுகிறாய்.

நிக்கோலுக்கு பி.யூ.சி. காலேஜில் அறிவியல் கண்காட்சி வருகிறது. பூச்சி பிடிக்காமல், கெடாமல் இருக்கக் கதிர்வீச்சு காட்டிய உணவைப் பற்றிக் கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்து எழுதி வாங்க வேண்டுமாம். நாற்பது பேரில் இருபத்தாறு பேர் கேள்விப்பட்டதே இல்லை, ஒன்பது பேர் அந்தச் சாப்பாடே கதிர் வீசும், தொடமாட்டோம் என்றார்களாம், அதில் ஒருத்தன் முடி கொட்டும் என்று எழுதியிருக்கிறான், எனக்கு எதைச் சாப்பிட்டுக் கொட்டியதோ தெரியவில்லை. ஐந்தே பேர்தான் சாப்பிடுவோம் என்றவர்கள். வீட்டுக்கு வந்த சிநேகிதி தாரணியிடம் நீ அனுப்பிய மிளகாய்த்தூள் பாக்கெட்டைக் காட்டி, எங்க அண்ணா வேலை செய்யற பிளான்ட்ல கதிர் காட்டினது, மூணு மாசமா இதுதான் சாப்பிடறோம் என்று நிக்கோல் பெருமையாகச் சொல்ல, அந்தப் பெண் தண்ணீர்கூட வேண்டாம் ஆன்ட்டி என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். மம்மிக்கும் அதோடு பயம் பிடித்து, பாக்கெட்டைக் கோவிலுக்கு நவநாள் ஜெபத்துக்குக் கொண்டுபோய்த் தீர்த்தம் தெளித்து வந்தாள். நன்றாக இருந்த தூள் கட்டி கட்டியாகிவிட்டது. அதை உடைத்துப் போட்ட மீன் குழம்பை நான் வீரமாக இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நிக்கோலைத் தனியாகக் கூப்பிட்டு நிஜமாகவே ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். "போன வருஷம் உங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்களே, அன்னிலேர்ந்து இருட்டுல மின்னறீங்களா டாடி?" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். உன் போட்டோவை நம் ஆஸ்டின் டவுன் கடையில் மாட்டி, சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜைக் காட்டி, பெரிய ஆளுக்குத்தான் இது தருவாங்க என்று மிக்ஸி ரிப்பேருக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். நிக்கோல் சிரித்துவிட்டு, அண்ணா மேல எவ்வளவு கதிர் பட்டுதுன்னு அதுதான் காட்டும் என்றாள். தூளுக்கு ஒன்றும் இல்லை, சரி, தூளுக்குப் பக்கத்தில் தினமும் நிற்கிறவனுக்கு? அன்றிலிருந்து எந்த மிக்ஸியைப் பிரித்துப் பூட்டினாலும் ஒரு ஸ்க்ரூ மிச்சமாகிறது.

வீட்டுக்கு ஒரு பெரியவரும் தாள் நிரப்ப வேண்டுமாம். தெரியுமா, டிக். சாப்பிடுவீர்களா, டிக். கடைசிக் கேள்வி, உங்கள் வீட்டில் ஒருவர் அங்கே வேலை செய்யச் சம்மதிப்பீர்களா. பேனா நின்றுவிட்டது. காப்பி அடிக்கலாம் என்று நிக்கோலின் தாளை எட்டிப் பார்த்தேன், எஸ்.எஸ்.எல்.சி.யிலிருந்து விடாத பழக்கம். அவளும் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

போன தடவை உன் பேட்ஜில் என்ன வந்தது, எவ்வளவு வரைக்கும் வரலாம், இரண்டையும் மறைக்காமல் எழுது. எனக்குப் புரியாவிட்டாலும் நிக்கோலுக்குப் புரியும். பேட்ஜை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போகாதே. மழையில் லோக்கல் ரயில் வாசலில் தொங்காதே. மம்மி உனக்காக இன்று இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள், ஆண்டவர் உன்னைக் கண்போலக் காப்பார்.

தாளை முப்பதாம் தேதி கொடுக்க வேண்டும், ஞாபகம் வை. சம்மதம் என்ற கட்டத்தில் இப்போதைக்குப் பென்சிலால் டிக் போட்டு வைத்திருக்கிறேன். உன் கடிதம் வந்ததும் அதன் மேலேயே பேனாவால் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் முக்கால் சுக டாடி
ரெமிஜியஸ்