வேண்டுமென்றே ஒரு தப்பு

ஜனவரி 8

முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். இந்தப் பருவத்திலிருந்து என் வகுப்புக்கு நேரமே கிடையாதாம். பாடத்தைப் படம் பிடித்துப் போட்டுவிடுவார்களாம். மாணவர்கள் தோதுப்பட்டபோது போனில் பார்த்துக்கொள்வார்களாம். சந்தேகம் வந்தால் அறைக்கு வரலாம். "காலம் மாறிடுச்சு மேடம். எல்லாரும் வேலைக்குப் போறவங்க. நாமதான் வளைஞ்சு குடுக்கணும்" என்றார். இத்தனை வருஷம் நான் வளைந்து கொடுக்கவில்லையா என்று கேட்க வாய் வரை வந்தது. மணி அடித்ததும் கதவைச் சாத்துகிறவள் யார் என்று திருப்பிக் கேட்டுவிடுவாரே என்று விழுங்கிவிட்டேன்.

மருந்தளவுக் கணக்கு என்ன, போனில் பார்த்துப் பின்னல் போடக் கற்றுக்கொள்வது போலவா? வார்டில் படுக்கை மாற்றுகிற, நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகிற உதவியாளர்கள் நர்சிங் படிப்பில் சேர இந்த ஒரு தேர்வில் தேற வேண்டும். ஒரு கணக்கு தப்பினாலும் தோல்வி. மூன்று தடவைக்கு மேல் எழுதவும் முடியாது.

வார்டில் உதவியாளராக இருக்கிற என் நாத்தனார் சின்னவளுக்கு இது மூன்றாவது.

வீட்டில் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நிஜமாவா அண்ணி? எப்ப வேணும்னாலும் பார்க்கலாமா?" ஷிஃப்ட் மாறி மாறி வந்து, போன இரண்டு பருவமும் பாதி வகுப்புக்கு அவளால் வர முடியவில்லை. என் கணவருக்குத் தங்கை என்பதற்காகக் கதவைத் திறந்து விட்டதில்லை நான். வீட்டில் பாடம் நடத்துவதும் இல்லை. ஒருத்திக்கு மட்டும் இரண்டு டீச்சர் என்று மற்றவர்கள் பேசக்கூடாது பாருங்கள்.

பாருங்களா? யாரிடம் சொல்கிறேன். என் நாட்குறிப்பில் நானே.

ஜனவரி 15

முதல் படப்பிடிப்பு. காலி நாற்காலிகளுக்குப் பாடம் எடுத்தேன். கேமராக்காரப் பெண், "அந்தச் சின்ன விளக்கையே பாருங்க, அதுதான் உங்க மாணவர்" என்றாள். அந்த விளக்கு கொட்டாவியும் விடவில்லை, தலையும் ஆட்டவில்லை.

நான் எப்போதும் செய்கிறபடியே செய்தேன். முதல் கணக்கில் வேண்டுமென்றே ஒரு தப்பு. குழந்தைக்குக் கொடுக்க வேண்டியது 75 மில்லிகிராம். புட்டியில் ஐந்து மில்லிக்கு 150. எழுபத்தைந்தை நூற்றைம்பதால் வகுக்கும்போது பூஜ்யம் சேர்த்து, புள்ளியை மட்டும் விட்டுவிட்டு, 5 என்று எழுதுவேன். ஐந்தை ஐந்தால் பெருக்கி 25 மில்லி. எழுதிவிட்டுத் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். வகுப்பில் யாராவது ஒருத்தர் கத்துவார்: "டீச்சர், புள்ளி!" அப்புறம் சிரிப்பு. அன்று கத்தினவர் ஆயுசுக்கும் அந்தப் புள்ளியை மறக்கமாட்டார்.

இன்றும் திரும்பி நின்றேன். யார் கத்துவார்கள்? கொஞ்சம் பொறுத்து நானே "புள்ளி எங்கே?" என்று கேட்டு நானே திருத்தினேன். கல்யாண வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது.

ஜனவரி 29

சந்தேகம் கேட்க வருவார்களென்று அறையைத் திறந்து வைத்தேன். ஒருவரும் வரவில்லை. ஜன்னல் துடைத்தேன்.

பிப்ரவரி 5

இந்தப் பருவம் சேர்ந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வந்தார். பாடத்தைப் பற்றிக் கேட்க இல்லை. போன் சார்ஜ் போட.

ஆனால் போகும்போது, "பேஷன்டை இறக்கிட்டு காத்திருக்கற நேரத்துல உங்களைத்தான் பார்க்கறேன் டீச்சர். நல்லாப் புரியுது" என்றார். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 20

மாதிரித் தேர்வு. தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்றாவது தாளிலேயே கை நின்றுவிட்டது. விடை பத்து மடங்கு. அடுத்ததும் பத்து மடங்கு. ஓட்டுநருடையதும். பாதிக்கு மேல் அப்படியே — பூஜ்யம் சேர்த்திருக்கிறார்கள், புள்ளி இல்லை. என் கையெழுத்தைப் பார்த்து எழுதின மாதிரி என் தப்பு, தாள் தாளாக.

சின்னவள் தாளிலும். காய்ச்சல் மருந்து, ஒரு குழந்தைக்கு, 25 மில்லி. அரைத் தேக்கரண்டி கொடுக்க வேண்டிய இடத்தில் ஐந்து தேக்கரண்டி. தாள்தான், குழந்தை இல்லை. தெரியும். இருந்தாலும் அந்தத் தாளைத் தனியே எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 21

கேமராக்காரப் பெண்ணைப் பிடித்தேன். நீளமான வீடியோவை யாரும் பார்ப்பதில்லை என்று சின்னச் சின்னத் துண்டாக்கியிருக்கிறாள். 25 மில்லி முதல் துண்டின் கடைசியில். புள்ளி இரண்டாவது துண்டின் தொடக்கத்தில். கணக்கு முடிந்துவிட்டது என்று பலர் முதல் துண்டோடு அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டார்கள். நான் திரும்பி நின்றேனே, அது?

"நீங்க ஒண்ணும் பேசாம சும்மா நின்னுட்டு இருந்தீங்க மேடம். அதான் வெட்டிட்டேன்."

சும்மா நின்றேனாம்! இருபது வருஷமாக நான் பாடம் நடத்துவதே அந்த இடத்தில்தான். அவளைக் கோபிக்கவும் முடியவில்லை. பாவம், அவள் வேலையை அவள் ஒழுங்காகச் செய்திருக்கிறாள்.

முதல்வர் தாள்களைப் பார்த்துவிட்டு, "பழையபடியே வகுப்பு வச்சிடலாம் மேடம். நீங்க சொன்னதுதான் சரி" என்றார். உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். மறைப்பானேன்.

சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே சின்னவளிடம் கேட்டேன். தினமும் வார்டில் மருந்துப் புட்டியைப் பார்க்கிறாயே, குழந்தைக்கு 25 மில்லி என்று வந்தபோது சந்தேகம் வரவில்லையா?

"வந்துச்சு அண்ணி."

"அப்புறம்?"

"நீங்க எழுதியிருந்தீங்களே."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து பழையபடி வகுப்பு என்று சொன்னேன். "சரி அண்ணி" என்றாள். இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து அவள் வாயில் இந்த ஒரு வார்த்தைதான். எதற்கும் சரி அண்ணி. நல்ல பெண் என்று நானும் ஊரெல்லாம் மெச்சிக்கொண்டிருக்கிறேன்.

அவள் உள்ளே போன பிறகு கணவர் பேப்பரை மடித்தார். "பழையபடின்னா அவ எப்படி வருவா? வர முடியாமதானே ரெண்டு தடவை போச்சு? இது கடைசி."

கத்தியை மறுபடி எடுத்து மீதிக் காயை நறுக்கினேன்.

பிப்ரவரி 24

கதவைச் சாத்துகிறவளாக இருந்தால் அவள் உள்ளே வரவே முடியாது. திறந்து வைத்தால், நான் என்ன எழுதினாலும் வேதவாக்கு என்று விழுங்குகிறாள். இவளை நான் என்னதான் செய்ய?

பிப்ரவரி 26

முதல்வரிடம் போய், பழையபடி வேண்டாம் என்றேன். மனிதர் நாற்காலியிலிருந்து விழாத குறை. என் பாடத்தை நானே வெட்டுகிறேன், கேமராக்காரப் பெண் என் பக்கத்தில் உட்காரட்டும், அது போதும் என்றேன்.

இனிமேல் துண்டுக்கு ஒரு கணக்கு. கடைசியில் நான் சொல்வேன்: "இதில் தப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எது என்று உங்கள் குரலில் எனக்குச் சொல்லுங்கள்." குரல் வந்து, நான் கேட்ட பிறகுதான் அடுத்த துண்டு திறக்கும். சும்மா நிற்பதற்கு இப்படி ஒரு வழி. எப்போது வேண்டுமானாலும் சொல்லட்டும், நாளைக்குச் சொன்னாலும் சரி. நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மார்ச் 4

குரல்கள் வருகின்றன. பின்னால் துணி துவைக்கிற இயந்திரத்தின் சத்தம். பஸ் ஹாரன். ஒரு குழந்தை, "அம்மா யாரோட பேசற?" என்கிறது. ஓட்டுநர் ரகசியம் சொல்கிற மாதிரி மெதுவாக, "டீச்சர், அலகு மாத்தலை" என்கிறார். பக்கத்தில் யாரோ தூங்குகிறார்களாம்.

சின்னவளின் குரல் பக்கத்து அறையிலிருந்து வந்தது. சுவருக்கு அந்தப்புறமும் கேட்டது, போனிலும் கேட்டது. "எல்லாம் சரியா இருக்கு டீச்சர்." சரியாக இல்லை. நான் எழுந்து போய்ச் சொல்லவில்லை. போனிலேயே "மறுபடி பாருங்கள்" என்று அனுப்பினேன். கணவர் எங்கள் இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

மார்ச் 13

"டீச்சர், மூணாவது வரியில... நான்தான் தப்பாப் பார்க்கறேனோ என்னமோ... நீங்க வேற எதுக்காவது அப்படி எழுதியிருப்பீங்க..."

சின்னவள். அவள் சொன்ன மூன்றாவது வரியில்தான் தப்பு. அவ்வளவு மன்னிப்புக்கு நடுவில் விடையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

மார்ச் 27

தப்பே இல்லாத கணக்கு ஒன்று போட்டேன். நிறைய பேர் தப்பு கண்டுபிடித்து அனுப்பியிருந்தார்கள்! சின்னவள்: "தப்பு இல்ல டீச்சர். ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டேன்." அவ்வளவுதான். ஒரு 'மன்னிக்கணும்' கூட இல்லை.

ஏப்ரல் 18

தேர்வு. காலையில் அவள் சாப்பிடவில்லை. நானும்தான். பேருந்து நிறுத்தம் வரை ஒன்றாக நடந்தோம்.

மே 9

தேறிவிட்டாள். ஓட்டுநரும். துணி துவைக்கிற இடத்திலிருந்து குரல் அனுப்புவாரே, அவருக்கு ஒரு கணக்கு போய்விட்டது. அவருக்கு இன்னும் ஒரு தடவை இருக்கிறது. சந்தோஷத்தில் பாதி அவரிடம் போய்விட்டது. மீதிப் பாதியில் நானும் சின்னவளும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதோம். கணவர் இனிப்பு வாங்குகிறேன் என்று போய், எதை வாங்குவது என்று கேட்க மூன்று தடவை போன் செய்தார்.

மே 30

பின்னறையை ஒழித்தேன். மேஜையை ஜன்னல் பக்கம் போட்டாயிற்று. நம் ஊர்க் கல்லூரியிலேயே சேர்ந்தால் வீட்டிலிருந்தே போய் வரலாம். வேளைக்குச் சாப்பாடு, சந்தேகம் வந்தால் நான். வீட்டில் பாடம் இல்லை என்கிற சட்டத்தையும் இனிமேல் எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 2

அறையைக் காட்டினேன். மேஜையைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லா இருக்கு அண்ணி." எப்போது சேர்வது, எந்தப் பேருந்து, எல்லாம் நான் சொல்லிக்கொண்டே போனேன். அவள் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்துவிட்டு 'சரி அண்ணி'க்காகக் காத்திருந்தேன்.

"இல்ல அண்ணி. இது சரியா வராது."

பக்கத்து ஊரில், விடுதியோடு இருக்கிற கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதாம். போய்க் கேட்டுவிட்டும் வந்திருக்கிறாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை.

"இங்க இருந்தா எனக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா சந்தேகம் வந்தா நான் போட்டுப் பார்க்கமாட்டேன் அண்ணி. நேரா உங்ககிட்ட வந்து நிப்பேன்."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை ஆசையாக அந்த மேஜையை இழுத்துப் போட்டேன். அவள் சொன்னதில் எங்கேயாவது தப்பு இருக்கிறதா என்று தேடினேன். இன்னொரு தடவை தேடினேன். அவள் அவசரப்படவில்லை; கையைக் கட்டிக்கொண்டு, நான் சொல்லட்டும் என்று நின்றாள்.

"தப்பு இல்ல" என்றேன்.

அப்புறம் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு கொஞ்சம் அழுதேன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு நல்ல பெட்டி வாங்க வேண்டும். என்ன நிறம் என்று அவளையே கேட்டுக்கொள்கிறேன்.