மே குஸ்தாஸ்

மாமா, முழங்கால் வலி தேவலையா? நான் நலம்தான். அன்றைக்கு இந்த மாட்ரிட் வீட்டில் நான், நம் மகன் அறிவழகன், மருமகள் வினோதினி, வீட்டுக்காரி பிலார் ஆகியோர் இருந்தோம். வீட்டு ஒப்பந்தத்தை நீட்டிப்பதுபற்றிப் பேச்சு. குடியிருப்பவனாக “உங்களுக்கு என்னைப் பிடிக்குமா?” என்று ஸ்பானிஷில் கேட்க நினைத்த அறிவழகன், இங்கிலீஷ் ‘யூ லைக் மீ’யை அப்படியே மாற்றி “மே குஸ்தாஸ்” என்றான். பிலார் சிவந்துபோய் எழுந்து போய்விட்டாள்.

“ஐயோ, உங்க மேல எனக்கு ஆசைன்னுல்ல சொல்லிட்டீங்க!” என்றாள் வினோதினி.

“ஏண்டா, எனக்குப் பிடிக்கும், உனக்குப் பிடிக்கும்னு நம்மள மாதிரிதான அவுங்களும் சொல்றாங்க?” என்றேன்.

“எனக்கு இங்கிலீஷ்லதாம்மா யோசிக்க வருது.”

இப்போது வேறு வீடு தேடுகிறோம். மோர்மிளகாய் அனுப்புங்கள், பகலெல்லாம் பேச ஆளில்லாத வாய்க்கு உறைப்பாவது இருக்கட்டும். சிதம்பரத்தில் தமிழில் படித்துக்கொண்டிருந்த பிள்ளையைக் கடலூர் இங்கிலீஷ் பள்ளிக்கு இழுத்துப்போனவரை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். அவர் உங்கள் அண்ணன் கொளஞ்சியப்பன்.