பூதத்துக்குப் பல் விளக்கிய பால்வாடி

டீச்சர்,

காலையில் என் மகள் மோனியின் பேஸ்ட்டைப் பிதுக்கியபோது அந்தத் தித்திப்பு வாசனை குப்பென்று அடித்தது. பல் விளக்குவதற்கு மிட்டாய் வாசனை எதற்கு என்று, நீங்கள் அதை வாங்கச் சொன்ன முதல்முறை உங்களிடம் எரிந்து விழுந்தவன் நான். இன்று அதை மோந்துகொண்டே தண்ணீர்த் தொட்டியருகே நின்றுவிட்டேன். நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது.

பல் விளக்குவது என்றாலே எனக்கு அடிதான் ஞாபகம் வரும். என் நைனா என்னை முழங்கால் இரண்டுக்கும் நடுவில் இறுக்கி, தாடையைப் பிடித்துத் திறந்து, உமிக்கரியை விரலில் தொட்டுத் தேய்ப்பார். கத்தினால் அறை விழும். கரியும் ரத்தமுமாகத் துப்புவேன். பிள்ளை வளர்ப்பது என்றால் அதுதான் என்று நினைத்தே நானும் வளர்ந்தேன். என் மனைவி விடியும்போதே கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விடுவாள். நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிற எனக்கும் சீசனில் தலைபோகிற அவசரம். அப்போது இரண்டரை வயதான மோனிக்குப் பல் விளக்கி, குளிப்பாட்டி, பால்வாடியில் விடுவது என் வேலை. அவள் வாயை மூடிக்கொள்வாள். நான் திறப்பேன். அவ்வளவு சின்னத் தாடையைத் திறக்க இரண்டு விரலே போதும், டீச்சர்.

நீங்களோ பால்வாடிச் சுவரில், பிள்ளைகளின் உயரத்துக்கு, ஒரு திருஷ்டி பூதத்தை மாட்டியிருந்தீர்கள். புது வீடு கட்டுகிறவர்கள் வாசலில் தொங்கவிடுவார்களே, உருட்டின கண்ணும் பெரிய பல்லுமாக, அதேதான். தினமும் அதன் பல்லில் கரியைப் பூசி வைப்பீர்கள். பல்வலி தாங்காமல்தான் பூதம் கடிக்க வருகிறது, விளக்கிவிட்டால் சாதுவாகிவிடும் என்று சொல்லி ஆளுக்கு ஒரு பழைய பிரஷ் கொடுப்பீர்கள். பூதத்தைத் தேய்த்து முடித்த ஜோரில் பிள்ளைகள் தங்கள் பல்லையும் தேய்த்துக்கொள்ளும். ஒருநாள் மோனி உங்களிடம், "எங்க நைனாவுக்கும் பல்லு வலிக்குது டீச்சர்" என்றாளாம். நீங்கள் அவள் உதட்டைத் தூக்கிப் பார்த்தீர்கள்.

அன்று மதியம் அவளை அழைத்துப்போக வந்தேன். ஈறு ஏன் கிழிந்திருக்கிறது என்று தணிந்த குரலில்தான் கேட்டீர்கள். மோனி சொன்னதையும் சொன்னீர்கள். எனக்குத் தலைக்கேறியது. திருஷ்டி சாமானைக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் மாட்டச் சொன்னது யார் என்று கத்தினேன். அது வெறும் சாக்கு. பூதத்தைப் பிடுங்கித் தரையில் அடித்தேன், மிதித்தேன். பிளாஸ்டிக் பல்லெல்லாம் நொறுங்கியும் கோபம் அடங்கவில்லை. தடுக்க வந்த உங்களை அறைந்தேன். கண்ணாடி பறந்தது. கன்னத்தில் தோல் பிளந்து ரத்தம் சேலையில் ஒழுகியது. பிள்ளைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வீறிட்டன. மோனி மட்டும் அழவில்லை. உதட்டை உள்ளே மடித்து வாயை இறுக்கிக்கொண்டாள்.

ஊர் என்னைச் சும்மா விடவில்லை. கரண்டு கம்பத்தில் கட்டி வைத்து மிதித்தார்கள். முன்பல் ஒன்று ஆட்டம் கண்டது. எனக்கு வேண்டியதுதான். போலீசைக் கூப்பிடச் சொல்லி எல்லோரும் நின்றபோது முந்தானையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு வந்தீர்கள். அதுவரை 'வாங்க, போங்க' என்றவர் அன்றுதான் 'நீ' என்றீர்கள்.

"கேஸ் குடுக்கறதா இல்லியான்னு அப்பறம் பாக்கலாம். உன்ன நான் மன்னிக்கல, தெரிஞ்சிக்கோ. பூதத்த ஒடச்சது நீதான? நாளிக்கி வந்து அந்த எடத்துல நீ ஒக்காரு."

வந்து உட்கார்ந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னீர்கள். என் பல்லில் கரியைப் பூசினீர்கள். எந்தப் பிள்ளையும் கிட்டே வரவில்லை. ஒன்று என்னைப் பார்த்தே ஜட்டியை நனைத்துவிட்டது. கடைசியில் நீங்களே பிரஷை எடுத்து முதல் ஆளாகத் தேய்த்தீர்கள். தையல் போட்ட கன்னம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. உங்கள் கையும் அன்று சாதுவாக இல்லை, டீச்சர். ஆடுகிற பல்லின்மேல் அழுத்தித்தான் தேய்த்தீர்கள்.

அப்புறம் தினமும் வந்து உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்தன. குத்தின, கீறின, ஈறில் ரத்தம் கசிந்தது. கையை அவிழ்க்கவில்லை. ஒன்பதாம் நாள் மோனி வந்தாள். எட்ட நின்று, "வாய தொற" என்று அதட்டினாள். அது என் குரல். வீட்டில் தினமும் அவள் கேட்டிருந்த என் குரல். அன்று நான் அழுததை நீங்கள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தீர்கள்.

கேஸ் கொடுக்கவே இல்லை. மன்னிக்கவும் இல்லை. அதன்பிறகு வீட்டிலும் அதே முறைதான். நான் கையைக் கட்டி உட்காருவேன், அவள் எனக்கு விளக்குவாள், பிறகு தனக்குத் தானே விளக்கிக்கொள்வாள். என் கை கிட்டே போனால் வாய் மூடிக்கொள்ளும். ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

போன மாதம் பெருநகர் ஊருக்குப் போகிற ரோட்டில் ஜல்லி லாரி உங்கள் வண்டியை அடித்துத் தள்ளியபோது நான் பக்கத்து வயலில் அறுத்துக்கொண்டிருந்தேன். ஓடி வந்து தூக்கினேன். முகம் முகமாக இல்லை. யாரென்று கூட்டம் கேட்டது. மிஞ்சியிருந்த கன்னத்துத் தழும்பை வைத்து நான்தான் அடையாளம் சொன்னேன். இதைவிடக் கேவலம் எனக்கு வேறு வேண்டுமா?

இன்று காலை தொட்டியருகே நின்றவனை மோனி அண்ணாந்து பார்த்தாள். பிரஷை நீட்டி, "உள்ள எட்டல நைனா, நீ தேச்சி வுடு" என்று வாயைத் திறந்தாள். வலது கையில் பிரஷை வாங்கினேன். உங்களை அறைந்த கை அது. மெதுவாக உள்ளே விட்டேன். அவள் கண்ணை இறுக்கினதும் சட்டென்று எடுத்துவிட்டேன். "இன்னா, தேய்" என்றாள்.

நீங்கள் இருந்திருந்தால் இதைச் சொல்லப் பால்வாடிக்குத்தான் ஓடி வந்திருப்பேன். கோபம் இன்னும் வருகிறது. அப்போதெல்லாம் நீங்கள் தராத அந்த மன்னிப்புதான் கையைப் பிடித்துக்கொள்கிறது. மோனி வாய் திறந்ததைச் சொல்லியிருந்தாலும் நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள். கடைசிப் பல் வரைக்கும் தேய்த்தாயா, வலிக்காமல் தேய்த்தாயா என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

தேய்த்தேன், டீச்சர். வலிக்கவில்லை என்றாள்.