‘தனி’ பிரிவின் கீழ்

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தாம்பரம் சுரங்கப்பாதையில் கணுக்கால் தண்ணீர். சாக்ஸ் காயவே இல்லை.

அலுவலகத்தில் புது வேலை. எங்கள் இணையதளம் வாடகை வீடு தேடுபவர்களுக்கு. தேடுபவர் தாம் யார் என்று ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டுக்காரர், யார் வேண்டாம் என்று. பிரிவுகள் தலைகீழ் மரம் போல, வேர் மேலே, இலை கீழே. குடும்பம், அதன் கீழ் தம்பதி, பெற்றோருடன், இன்னும் சில. தனி, அதன் கீழ் ஆண், பெண். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் போடுவது ‘தனி வேண்டாம்’. ஆனால் யாருக்கு எந்த வீட்டைக் காட்டுவது என்று தேடி எடுக்கும் எங்கள் குவெரி அந்த ஒரு பிரிவை மட்டும் தடுக்கிறது. கீழே இருப்பவர்களுக்கெல்லாம் வீடு தெரிகிறது. வீட்டுக்காரர்கள் போன் போட்டுத் திட்டுகிறார்கள்.

சார்: "மேல ஒண்ண வெட்டினா கீழ இருக்கிறதெல்லாம் சேந்து போகணும்பா. வேர் வரைக்கும்."

பக்கத்து நாற்காலி தினேஷ்: "கீழ போனா வேர் இல்ல சார், இலை." சார் சிரிக்கவில்லை.

அக்கா இன்னும் முடிச்சூரில், தோழி வீட்டில். கணவரை விட்டு வந்ததிலிருந்து பாப்பாவுடன் அங்கேதான். மாதக் கடைசியில் தோழியின் மாமனார் மாமியார் வந்துவிடுவார்கள். அதற்குள் வீடு வேண்டும். எனக்கோ ஆண்கள் விடுதியில் ஒரு கட்டில். எங்கள் தளத்தில்தான் தேடுகிறாள். தம்பி செய்தது என்று பெருமை வேறு.

நவம்பர் 12, புதன்

முடிந்தது. குவெரி தன்னைத்தானே அழைத்துக்கொண்டு, பிரிவின் பிள்ளை, பிள்ளையின் பிள்ளை என்று அடிவரை இறங்குகிறது. சுத்தமாக வந்திருக்கிறது. வெட்கப்படும் அளவுக்கு மகிழ்ச்சி. மாலையே தளத்தில் ஏற்றினோம். சார் டீ வாங்கிக் கொடுத்தார். 

குடையைத் தொலைத்தேன். பஸ்ஸிலா, கடையிலா.

நவம்பர் 13, வியாழன்

அக்கா போன். "என்னடா, ஒரு வீடும் காட்ட மாட்டேங்குது. முந்தாநேத்து அவ்ளோ இருந்துச்சே."

பார்த்தேன். அவள் எடுத்திருக்கும் பிரிவு ‘குழந்தையுடன்’. அது ‘பெண்’ணின் கீழ். ‘பெண்’, ‘தனி’யின் கீழ். எனக்கு முன்னால் வேலை பார்த்த யாரோ வைத்தது. அவ்வளவு அடியில் கிடந்ததால் இதுவரை யார் கண்ணிலும் படவில்லை. நேற்று என் குவெரி கண்டுபிடித்துவிட்டது.

இரண்டு பேர். ஒருத்திக்குப் பள்ளிச் சீருடை, தண்ணீர் பாட்டில். தனி.

பிழை ஏதும் இல்லை. எல்லாம் சரியாக வேலை செய்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

யாரையும் கேட்கவில்லை. ‘குழந்தையுடன்’ பிரிவைக் ‘குடும்ப’த்தின் கீழ் மாற்றினேன். மாறியது மேல் பிரிவைக் குறிக்கும் ஓர் எண், அவ்வளவுதான்.

தினேஷிடம் மட்டும் சொன்னேன்.

"ஓனருங்க கத்துவாங்க மச்சான்."

"கத்தட்டும்."

"போன் வந்தா நீ எடுப்பியா?"

மதியம் தயிர்சாதம்.

அக்காவுக்கு வீடுகள் வந்துவிட்டன. மாடம்பாக்கத்தில் ஒன்று, கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. நாளை போகிறோம்.

நவம்பர் 15, சனி

வெயில். மாடி வீடு, நல்ல காற்று. பாப்பா ஜன்னல் கம்பியில் ஏறி நின்று, எங்கே படுப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டாள்.

வீட்டுக்கார அம்மா என்னைக் காட்டி, "சாருக்கு எங்க வேலை?"

"இவன் என் தம்பிங்க," என்றாள் அக்கா.

"அப்ப உங்க வீட்டுக்காரர்?"

"நானும் பொண்ணும் மட்டும்தான்."

"ஃபேமிலின்னு போட்டிருந்துச்சே."

"ஃபேமிலிதாங்க."

கெட்டவர் இல்லை. பாப்பாவுக்கு பிஸ்கட் கொடுத்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. எங்க வீட்ல அவரு ஒத்துக்க மாட்டாரு."

திரும்பும்போது ஆட்டோவில் அக்கா போனில் அடுத்த வீட்டைத் தேடினாள். பாப்பா: "அப்ப அந்த வீடு நமக்கா, இல்லியா?"

நவம்பர் 17, திங்கள்

திரும்ப மழை. அந்த ‘அவரு’ காலையிலேயே அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறார். சார் என் மேசைக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அந்தப் பிரிவ நீதான் மாத்தினியா?"

"ஆமா சார். அவங்களும் குடும்பம்தானே."

"எனக்குத் தெரியாதா? எங்கம்மா ஒத்த ஆளா நின்னுதான் என்ன வளத்தாங்க. ஆனா வீடு போடுறது ஓனர்பா. அவங்க போயிட்டா நாம யாருக்கு என்னத்தக் காட்டுறது? மாத்திடு."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். வாக்கியம்கூட வாயில் தயாராக இருந்தது. பழைய எண்ணைப் போட்டேன். சேமித்தேன்.

மாலை அக்காவிடமிருந்து செய்தி: "மிச்சம் இருந்த வீடெல்லாம் போயிடுச்சுடா. எல்லாரும் அட்வான்ஸ் குடுத்துட்டாங்க போல. பரவால்ல."

‘ஆமாக்கா’ என்று அனுப்பினேன்.