சீமெந்து மேடையில் உன் தாளம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போயிருந்தேன். மண்டபத்துக்குள் கால் வைத்ததுமே தோல் காயும் வாசனை. மேளம் அடிக்கப் புதிதாக வந்திருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர், மகளின் ஹெயார் டிரையரைக் கொண்டுவந்து மேளத்தின் தோலுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தாராம். மழைக்காலத்துப் பதுளையில் எந்தத் தோல்தான் விறைப்பாக இருக்கும்? நான் யோசிக்கவேயில்லை. "போதும் புள்ள, கருகப் போகுது" என்று சொல்லிவிட்டேன். பாவம் அந்த மனிதர், பேரப்பிள்ளைகள் கண்டவர். "சரிங்க மிஸ்" என்று உடனே நிறுத்திவிட்டார். உனக்கு நான் வழக்கமாகச் சொல்வதை அவர் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து உனக்கு எழுதவேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது. உன்னோடு பேசுவதென்றால் நான் உன் எதிரில் நிற்கவேண்டும், நீ என் வாயைப் பார்க்கவேண்டும். அதற்கு இனி வழியில்லை. எழுத்து என்றால் உனக்கு எப்போதும் விளங்கும். இப்போது நான் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்கிறது, பிறகு எனக்கே வாசித்தும் காட்டுகிறது. அந்தக் காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் நாம் இரண்டு பேரும் இன்னும் நிறையச் சண்டை பிடித்திருப்போம்.

நாம் சந்தித்தது தொண்ணூறுகளின் நடுவில், இதே மண்டபத்தில்தான். தேவாலயத்துக்குப் பின்னால், பலகைத் தரை போட்ட பழைய மண்டபம். நாம் எல்லாரும் சேர் என்று கூப்பிட்ட ஒரு சிங்களச் சங்கீத ஆசிரியர், ஓய்வுபெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல், வாசிக்க ஆசையுள்ள எவரும் வரலாம் என்று ஒரு வாத்தியக் குழு தொடங்கியிருந்தார். எவரும் என்றால் எவரும்தான். யுத்தத்தில் ஒரு காலை இழந்து வந்த சிப்பாய் புல்லாங்குழல் ஊதினான். எதையும் மெதுவாகவே விளங்கிக்கொள்ளும் ஒரு பெண் சலங்கை குலுக்கினாள். பாட்டு முடிந்த பிறகும் அவள் பாட்டுக்குக் குலுக்குவாள், யாரும் தடுக்கமாட்டோம். நான் வயலின். பிறவியிலேயே பார்வையில்லாத யாழ்ப்பாணத்துப் பெண், பகலில் ஒரு கந்தோரில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை. நீ பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாய். பத்து வயதில் வந்த காய்ச்சல் உன் காதைக் கொண்டுபோயிருந்தது. குரலை அது தொடவில்லை. நீ வாயைத் திறந்தால் மண்டபத்துச் சன்னல் கண்ணாடி அதிரும்.

"நீர் எங்கையிருந்து வாறீர்?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். நீ என் தாடையைப் பிடித்து உன் பக்கம் திருப்பி, மறுபடி சொல்லச் சொன்னாய். மறுபடியும்.

"நீங்க பேசுறது வெளங்கலங்க. வாய் வேற மாதிரி போகுது."

உனக்கு உதட்டில் படிக்கத் தெரிந்தது தோட்டத்து லய வீடுகளில் பேசும் தமிழை மட்டும். என் யாழ்ப்பாணத் தமிழும் சேரின் சிங்களமும் உனக்கு ஒன்றுதான். வேறென்ன செய்வது, உன் தமிழை நான் படித்தேன். வீட்டிலும் அது வாயில் வரத் தொடங்கியது. அப்பா ஒருநாள் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு, "என்ன பிள்ளை, தோட்டத்துக் கதை கதைக்கிறாய்?" என்றார்.

"அவளுக்கு விளங்கவேணுமே, அப்பா."

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பிறகு நீ வீட்டுக்கு வந்தாய். அம்மா சுட்டு அடுக்கிய தோசையை எல்லாம் தின்றுவிட்டு, "இன்னும் இருக்குங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாய். அன்றிலிருந்து அம்மா உன் கட்சி. அப்பாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நம்மைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள், இவள் அவளுக்குக் காது, அவள் இவளுக்குக் கண் என்று. கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அந்தக் கண், துணிக்கடையை வேடிக்கை பார்த்தபடி என்னைத் தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் இறக்கிய கண். அந்தப் புடவை நல்ல நிறமென்று பிறகு எனக்கே விளக்கம் வேறு. ஒரேயொரு தடவை மட்டும் அந்த வசனம் உண்மையானது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் ஒருவன் நிற்கச்சொல்லிக் கத்தினான். நீ நடந்துகொண்டேயிருந்தாய். நான் உன் பின்னலைப் பிடித்து இழுத்தேன். "ஏன் புள்ள முடிய இழுக்குற?" என்று சீறித் திரும்பியவள், துப்பாக்கியைக் கண்டிருப்பாய். என் கைக்குள் இருந்த உன் கை சில்லென்று ஆகிவிட்டது. 

சிலரைப் பின்பாட்டுக்கு வைத்துக்கொண்டு, சேர் பாடியபடி ஆர்மோனியம் வாசிப்பார். இரண்டு கையும் அதில் இருக்க, தாளத்தைக் குதிகாலால் பலகையில் தட்டுவார். மண்டபத்துக்குள் எவரும் செருப்புப் போடக்கூடாது என்பது அவருடைய சட்டம். அந்தத் தட்டு பலகை வழியாக உன் பாதத்துக்கு வரும், நீ பெரிய மேளத்தில் அதைக் கொடுப்பாய், உன் மேளத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாரும் போவோம். சேரின் காலைப் பார்த்தே அடிக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். "கண்ணால பாத்து அடிச்சா பிந்திப் போயிருது. காலுல வந்தாத்தான் சரியா வருது" என்றாய்.

இத்தனை தெரிந்த நமக்கு ஒன்று மட்டும் தோன்றவில்லை. சித்திரைப் புத்தாண்டு விழாவுக்கு நகரத்தின் பெரிய மண்டபத்தில் வாசிக்க அழைத்தபோது, அந்த மேடை சீமெந்து என்று நம்மில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. மாதக்கணக்காக ஒத்திகை பார்த்தோம். உன் அம்மாவும் லயத்து ஆட்களும் வாடகைக்கு வான் பிடித்து வருவதாக இருந்தது. செவிடு மேளம் அடிக்குதாம் என்று தோட்டத்தில் சிரித்தவர்களும் அந்த வானில்தான் வந்தார்கள். "எங்கம்மா ஒரு தடவ பாத்துட்டாப் போதும் புள்ள" என்று அந்த வாரம் முழுவதும் நீ சொல்லிக்கொண்டிருந்தாய்.

விழாவன்று மத்தியானம் மேடையில் ஒருமுறை வாசித்துப் பார்த்தோம். சேர் குதிகாலால் தட்டினார். சீமெந்து அதை அப்படியே விழுங்கிவிட்டது. உன் மேளம் ஒரு பக்கம் போனது, நாங்கள் ஒரு பக்கம் போனோம். சலங்கைக்காரி அழத் தொடங்கினாள். சேர் நல்ல மனிதர், அவருக்கு உன்னை நோகடிக்க மனமில்லை. என் பக்கத்தில் வந்து தன் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி சும்மா அடிக்கிற மாதிரி காட்டினா போதும். தபேலா வாசிக்கிற மாத்தயா தாளம் புடிப்பாரு. நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா கேக்கும்."

"என் வாயால சொல்லமாட்டேன், சேர்" என்றேன்.

சொல்லவேண்டியிருக்கவில்லை. முகங்களைப் பார்த்தே நீ தெரிந்துகொண்டாய். "என்னைய வேணாங்கிறாரா?" என்று கேட்டாய். வாழ்நாளிலேயே நீ மெல்லப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். 

 பிறகு ஸ்டூலை இழுக்கும் ஓசை. நீ எனக்கு இடப்பக்கம் வந்து உட்கார்ந்து, குனிந்து, என் இடது காலைத் தூக்கி உன் வலது பாதத்தின் மேல் வைத்துக்கொண்டாய்.

"மிதி."

மிதித்தேன்.

"பூனையாட்டம் மிதிக்காத. நல்லா மிதி புள்ள."

சேரின் தாளத்தை என் காது வாங்கி, என் கால் உன் காலுக்குக் கொடுக்க, மேளம் பாட்டுக்குள் வந்து சேர்ந்தது. சேர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. சரி, பார்க்கலாம் என்றார்.

மாலையில் மண்டபம் நிறைந்திருந்தது. முதல் பாட்டு நன்றாகவே போனது. கடைசிப் பாட்டில் பாதியிலேயே சனம் கைதட்டத் தொடங்கியது. எனக்குத்தான் கைதட்டல் கேட்டால் தலைகால் தெரியாதே. வில் ஓடியது, காலும் ஓடியது. ஓடுகிறேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை. அப்போது என் பாதத்தின் மேல் பெரிய பாரம் ஒன்று இறங்கியது. உன் இடது கால். மேலும் கீழும் உன் கால்கள், நடுவில் அகப்பட்டது என் கால். நீ விட்டால்தான் அது அசையும். முதலில் பதறினேன். பிறகு நீ விடும் நேரத்துக்கு வில்லை இழுத்தேன். மேளம் தன் பாட்டுக்கு நின்று நிதானமாக நடந்தது, அதன் பின்னால் நாங்கள் எல்லாரும் பாட்டின் முடிவுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

"எப்படிப் புள்ள தெரிஞ்சது?" என்று மேடைக்குப் பின்னால் உன் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

"பாடுறவங்க வாயப் பாத்தேன். மூச்சு எடுக்க எடமில்லாம தவிக்கிறாங்க. ஒங் காலு மட்டும் பஸ்ஸப் புடிக்க ஓடுது."

ஆனால் வந்தவர்கள் எல்லாரும் என் தோளைத்தான் தட்டினார்கள். கால் கொடுத்து அந்தப் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்றார்கள். இல்லை, அவள்தான் என்னைப் பிடித்து நிறுத்தினாள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். தன்னடக்கம் என்று அதையும் பாராட்டினார்கள். உனக்கு விளங்கச் சொன்னபோது நீ சிரித்துவிட்டாய். பிறகு உன் அம்மா வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க புண்ணியத்துல எம்புள்ளயும் மேடை ஏறிருச்சும்மா" என்றார். அவரிடமும் சொன்னேன். "பெரிய மனசும்மா ஒங்களுக்கு" என்றார். அந்த உதடுகளை நீ பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பாய். அதற்குப் பிறகு நீ சிரிக்கவில்லை.  உன் அம்மா பார்க்கவேண்டும் என்பதற்காகத்தான் நீ மேடை ஏறினாய், பார்த்த பிறகும் பிடித்து நிறுத்தியது நீ என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு நீ தனியாக வரவில்லை. அம்மாவைக் கையோடு இழுத்து வந்திருந்தாய். "எங்கம்மாவுக்கு வாயால சொன்னா ஏறாது" என்று அறிவித்துவிட்டு, அவரை உன் ஸ்டூலில் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றச்செய்து, அவருடைய பாதத்தின் மேல் என் பாதத்தை வைத்தாய். சேரைப் பாடச் சொன்னாய். கடைசிப் பாட்டு, கடைசிப் பகுதி. மற்றவர்கள் எல்லாரும் கைதட்டவேண்டும் என்பதும் உன் கட்டளை. உனக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. நான் எவ்வளவோ கவனமாக இருந்தேன், உண்மையாகவே இருந்தேன். நாலு வரி போகவில்லை.

"ஐயோ, இந்தம்மா ஓடுறாங்கடி" என்றார் உன் அம்மா.

"இப்ப மத்தக் கால மேல போட்டு அமுக்குங்க."

அமுக்கினார். மலை ஏறி இறங்கிய கால், லேசானதல்ல. "என்னாடி இது, நிக்கவே மாட்டேங்குது?" என்று அவர் திணறியதில் மண்டபமே சிரித்தது. பாட்டு முடிந்ததும் அவர் சிரிக்கவில்லை. எழுந்து உன்னிடம் வந்தார் என்பது பலகையில் எனக்குத் தெரிந்தது. "அம்புட்டு நேரமும் நீதான் புடிச்சிக்கிட்டு இருந்தியா?" என்று கேட்டார். நீ என்ன பதில் காட்டினாயோ தெரியாது. அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "புடிச்சிக்க. விட்டுறாத" என்றார்.

நீ விடவில்லை. அதன் பிறகு பலகைத் தரையிலும் என் காலை உன் காலுக்குள் வைத்துத்தான் வாசித்தோம், வருடக்கணக்காக. இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு மழைநாளில், நெஞ்சு வலிக்கிறது என்று உன்னை ஏற்றிக்கொண்டு பசறையிலிருந்து வந்த வான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் அம்மா என்னைக் கூட்டிப்போய் உன்னருகில் உட்காரவைத்தார். மற்றவர்கள் முகத்தைப் பார்த்து அழுதார்கள். எனக்கு உன் முகம் தெரியாது, உன் கால்தான் தெரியும். தடவிப் பார்த்தேன். பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. இன்றைக்கும் பொறுக்கவில்லை.

தபால்காரர் நன்றாகவே அடிக்கிறார். காது கேட்கிற மனிதர், அவருக்கு யாருடைய காலும் தேவையில்லை. நான்தான் இந்த வயதிலும் கைதட்டல் கேட்டால் ஓடுகிறேன். ஓடத் தொடங்குவது தெரிந்ததும் வலது காலைத் தூக்கி என் இடது காலின் மேல் வைத்து அமுக்கிக்கொள்கிறேன். பாரம் போதவில்லை, புள்ள.