கேள்வி அட்டைகள்

என் செல்லத்துக்கு,

அத்தை வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே வழக்கம்போல வேலைதான். முதுகு ஒடிகிறது.

நேற்று சலவைக்கடையில் ஆஸ்பத்திரி விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, இதயத்துக்கு எத்தனை அறை, எந்த அறைக்கு எந்த ரத்தம் வருகிறது என்று என் வாய் தானாக முணுமுணுத்தது. பக்கத்து மேசைக்காரர், "என்னங்க, இந்த வயசுல பரீட்சையா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ ஏன் பரீட்சையில் தோற்றாய் என்று அப்போதுதான் உறைத்தது.

பரீட்சைக்கு முன்னால் மூன்று மாதமாக நீ கேள்வி அட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்டாய். நான் வீட்டுத் துணியை மடித்துக்கொண்டே பதில் சொன்னேன். தப்பினால், "அய்யோ அப்பா, நீ சரியான மக்கு!" என்று சிரித்துக்கொண்டே அட்டையின் பின்பக்கத்தில் எழுதியிருந்த பதிலைப் படித்துக் காட்டுவாய். உன் அம்மா இருந்தபோது கேட்ட சிரிப்பு அது. அதனால் நானும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டேன். மண்டையைக் குடைந்து யோசித்ததெல்லாம் நான், பரீட்சை எழுதியது நீ.

மறுதேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். கிளம்பி வா. இந்த முறை அட்டை என் கையில் இருக்கும், துணி உன் மடியில் இருக்கும். நீ பதில் தெரியாமல் எவ்வளவு நேரம் திருதிருவென்று விழித்தாலும் சரி, சத்தியமாக நான் வாயைத் திறக்க மாட்டேன்.

எல்லாப் பதிலும் தெரிந்த,
உன் மக்கு அப்பா