கையில் திணித்த கரண்டி

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

கம்பெனியில் வேலை நின்றிருக்கிறது, மெஸ்ஸையும் மூடிவிட்டார்கள். பயப்படாதே. பக்கத்துத் தெருவில் சிலர் சேர்ந்து, இல்லாதவர்களுக்கு மதியச் சோறு போடுகிறார்கள். நேற்று நானும் போனேன். வரிசையில் நிற்க வெட்கப்பட்டு, மேற்பார்வை பார்க்க வந்த அதிகாரி மாதிரி அண்டா பக்கம் நின்றேன். சமையல்கார அம்மா, "சும்மா நிக்காதீங்கண்ணே, இந்தாங்க" என்று கரண்டியைக் கையில் திணித்துவிட்டார். சாப்பிட வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. உன் புருஷனின் கௌரவம்தான் உனக்குத் தெரியுமே! வயிறு கூப்பாடு போட, அண்டா காலியாகும்வரை பரிமாறினேன்.

கிளம்பும்போது அந்த அம்மா மூடி வைத்திருந்த தட்டை நீட்டினார்.

"உங்களுக்குத்தான். உட்காருங்க."

"இல்லம்மா, நான் உதவிக்குத்தான்..."

"நானும் மொத நாள் இப்படித்தாண்ணே தள்ளி நின்னேன்."

உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இன்றும் பரிமாற வந்து, இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன். அண்டாவை இறக்கிவிட்டார்கள், கூப்பிடுகிறார்கள். ஒன்றே ஒன்று: போன் செய்தால் எடுத்த எடுப்பில் "சாப்டீங்களா?" என்று கேட்காதே. பிள்ளைகளைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு அப்புறம் கேள். கேட்காமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் வீட்டுக்காரன்